கணக்கில் சேராத நேரம்

...அப்படியென்றால் போன மாதம் தனியாகப் போய்ப் பார்த்த வீடுகள் எதுவும் கணக்கில் வராது, வெயிலில் நின்று சுற்றுச்சுவரை அளந்தது, நாய் துரத்தியது, ஒரு வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டு உள்ளேயிருந்து கத்தியது, எதுவுமே வராது, உரிமம் வாங்கியவர் பக்கத்தில் நிற்க அளந்தால்தான் அது அனுபவம், தனியாக அளந்தால் வெறும் அலைச்சல்... இதைச் சொல்ல அவருக்கு இன்று காலையில்தான் வாய் வந்ததா? காரை ஓட்டிக்கொண்டே, பின்னால் வரும் லாரியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "அக்கா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்று ஆரம்பித்தார். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர், அவளுக்கு மேற்பார்வையாளர், காரில் அவள் அக்கா, வாடிக்கையாளர் முன்னால் மேடம், அவர் எங்கேயும் சார். கோபித்துக்கொள்ளவும் முடியாது. வீட்டுக்கு விலை மதிப்புப் போடும் படிப்பை முடித்தாயிற்று, பரீட்சைக்கு உட்காரலாம், ஆனால் அனுபவ மணிநேரம் சேராமல் உட்கார விடமாட்டார்கள், அனுபவம் வேண்டுமென்றால் உரிமம் உள்ள யாராவது சேர்த்துக்கொள்ள வேண்டும், சேர்த்துக்கொள்ளச் சொன்னால் நாளைக்கு இவளே நம் பிழைப்பில் கை வைப்பாளே என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஏறி இறங்கிய படிகளில் இவர் ஒருவர்தான் உட்காரச் சொன்னவர். முன் அனுபவம் உண்டா என்று கேட்டபோது, இத்தனை வருஷம் ஒரு வீட்டைக் கட்டிக் காத்திருக்கிறேன் சார் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டாள், அதெல்லாம் யார் கணக்கிலும் ஏறாத மணிநேரம்.

இன்றைக்காவது கூட வருகிறாரே, அதுவே பெரிது. வீடு தெருக்கோடியில் இருந்தது, மாடியில்லாத வீடு, இரும்புக் கதவுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், தொட்டதும் விரலில் ஒட்டியது. புருஷன் பெண்சாதி பிரிகிறார்கள், வீட்டை அவர் வைத்துக்கொண்டு பாதி மதிப்பை அந்த அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும், அந்தப் பாதி எவ்வளவு என்று சொல்லத்தான் இவர்கள். சார் அழைப்புமணியை அழுத்திவிட்டு, "வீட்டுக்காரர் இருக்காரா?" என்று குரல் கொடுத்தார். வீட்டுக்காரர்... அவளும் ஒரு காலத்தில் அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், என் வீட்டுக்காரர் ஊரில் இல்லை, என் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன். பிரிந்தபோது வீடு அவர் பக்கம் போயிற்று, ஆகவே அவர் இன்னும் வீட்டுக்காரர்தான், 'என்' மட்டும் உதிர்ந்துவிட்டது. நினைத்ததும் சிரிப்பு வந்தது, பகிர்ந்துகொள்ள ஆளில்லாத சிரிப்பு, அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

கதவைத் திறந்தவர் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார், கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவராம், ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டுத் தான் தரையிலேயே இருப்பதாகச் சொல்லிச் சிரித்தார், பல பேரிடம் சொல்லிப் பழகிய சிரிப்பு, ஆனால் சொல்லிக் கொஞ்ச நாளாகியிருக்கும் போல, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நீண்டது. தரை பளபளத்தது. சோபாவில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதுத் தலையணைகள். யாரோ வருகிறார்கள் என்று ஒரு வாரமாகத் துடைத்திருக்கிறார்... யாரோ என்பது நாம்தானா? சாருக்குப் போன் வந்துவிட்டது, ஹாலிலேயே நின்று பேச ஆரம்பித்தார், வீட்டுக்குள்தான் நிற்கிறார், கணக்கில் வரும். சிவப்புப் புள்ளி விட்டு அளக்கும் கருவி காலையிலிருந்தே மக்கர், அவள் பையிலிருந்து டேப்பை எடுத்தாள். "ஒரு முனையக் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்றார் வீட்டுக்காரர். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். கொடுத்தாள். அவர் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, "சரியா இருக்கா? இன்னும் இழுக்கவா?" என்று ஒவ்வொரு அறையிலும் கேட்டார். அவர் இழுப்பது இவள் விரலில் தெரிந்தது. கடைசியாக யார், எதன் மறுமுனையைப் பிடித்தார்கள்? வாடகை அறையில் போர்வையை மடிக்கும்போதுகூட ஒரு ஓரத்தைத் தாடையில் இடுக்கிக்கொள்கிறாள், அது ஒருநாளும் ஓரத்துக்கு ஓரம் சேர்ந்ததில்லை.

அவள் வீட்டுக்கும் அப்படி ஒரு மதிப்பீட்டாளர் வந்தார். அவள் அடுப்படியில் நின்றிருந்தாள், "கொஞ்சம் தள்ளுங்கம்மா" என்றார், தள்ளி நின்றாள், மேடைக்கு அடியில் குனிந்து அளந்தார், குறித்துக்கொண்டார், நன்றி சொன்னார், போய்விட்டார். அந்த வீட்டில் இருந்த கடைசி நாட்களில் அவளிடம் தன்மையாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான், வேடிக்கை, அவர் முகம்கூட நினைவில்லை. எந்த வீட்டுக்குள்ளும் போகலாம், எல்லா அறையையும் பார்க்கலாம், எதுவும் தன்மேல் ஒட்டாமல் வெளியே வந்துவிடலாம், இந்த வேலைதான் நமக்குச் சரி என்று அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். ஒட்டாது என்று யார் சொன்னது?

பின்னறையில் ஒரு பீரோ ஜன்னலைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றது. ஜன்னலை மறைத்து யாராவது பீரோ வைப்பார்களா? தரையில் இழுத்த தடம் புதுசு. "இதக் கொஞ்சம் நகர்த்தலாமா?" என்றாள். அவர் ஒரு நொடி அவளைப் பார்த்துவிட்டுத் தோளைக் கொடுத்தார், இருவருமாகத் தள்ளினார்கள். பின்னால் சுவர் இடுப்புயரத்துக்கு ஊறிப் போயிருந்தது, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக, தொட்டால் மாவாக உதிர்ந்தது. திருடும்போது பிடிபட்ட பிள்ளை மாதிரி அவர் முகம். "மறைச்சுட்டா மதிப்பு கூடும்னு பார்த்தேன்." எல்லாரும் செய்வதுதான், ஆனால் இவர் ஏன்? மதிப்பு கூடினால் இவர் கையிலிருந்துதானே கூடப் போகும்? கேட்கவில்லை, கேட்டது போல அவரே சொன்னார், "அவளுக்குப் பாதி போகணும்ல மேடம். நான் கூடக் குடுத்தா வாங்க மாட்டா. நீங்க எழுதிக் குடுத்தா வாங்கிப்பா... கொஞ்சம் கூட்டிப் போடுங்க." போனை முடித்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்ற சார்தான் பதில் சொன்னார். "கூட்டவும் முடியாது சார், குறைக்கவும் முடியாது. இருக்கறதத்தான் எழுதுவோம்." சமையலறை மேடையில் மூன்று கோப்பைகளில் டீ. சார் கையை உயர்த்தி மறுத்தார், எந்த வீட்டிலும் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. அவளும் வேண்டாம் என்றாள். ஆடை படியத் தொடங்கியிருந்தது, மூன்றிலும்.

காரில் ஏறியதும் சார் கேட்டார், "என்ன நிலைமைன்னு போடப்போறீங்க?" சுமார், பின்னறைச் சுவரில் ஈரக்கசிவு, படம் எடுத்திருக்கிறேன் என்றாள். "பீரோ அங்கயே இருந்திருந்தா நான் கவனிச்சிருக்கவே மாட்டேன் அக்கா. இப்பத்தான் கை பழகுது. இன்னிக்கு முழுசாக் கணக்குல எழுதிக்கங்க." சந்தோஷப்பட வேண்டிய வார்த்தை. ஒரு வருஷமாக இந்த வார்த்தைக்குத்தானே அலைந்தாள். ஆனால் முகம் தெரியாத ஒரு பெண், எங்கேயோ ஒரு வீட்டில், இவளைப் போலவே பெட்டியைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு... அவளுக்குப் போக வேண்டியதில் கொஞ்சத்தை அந்தச் சுவர் தின்றுவிட்டது, காட்டிக் கொடுத்தது இவள் கை. காட்டாமல் இருந்திருக்க வேண்டுமா? அதுவும் தப்பு, அதில் சந்தேகமே இல்லை. பின்னே எது உறுத்துகிறது? தனக்கு அப்படி ஒருவர் பீரோவை இழுத்து வைக்கவில்லையே என்பதா? சீ. சார் ரேடியோவைத் திருகினார், போக்குவரத்து நெரிசல் பற்றி யாரோ உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அறைக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு, ஜன்னலோர மேசையில் அந்த வீட்டின் வரைபடத்தைப் போட உட்கார்ந்தாள். வெளிச்சுற்று, உள்ளறைகள், சுவர்க்கனம் எல்லாம் கூட்டினால் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், பொருந்தியது, எங்கும் இடைவெளி இல்லை, பென்சில் கோடு புறப்பட்ட மூலையிலேயே வந்து மூடிக்கொண்டது. அழகான வரைபடம், யாரிடமாவது காட்டலாம் போல. போன் அடித்தது. தெரியாத எண். "மேடம், நான்தான்... காலையில வந்தீங்கள்ல, லிஃப்ட்காரன். கார்டுல நம்பர் இருந்துச்சு." சுவரைப் பற்றிக் கெஞ்சப் போகிறார், என்ன பதில் சொல்வது, சாரிடம் பேசுங்கள் என்று சொல்லிவிட வேண்டியதுதான்... "ஒரு ரூம் காட்ட மறந்துட்டேன் மேடம். பின்னால இருக்கு, சின்ன ரூம். நாளைக்கு ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போறீங்களா? ஒரு நிமிஷம்தான். டேப்ப நானே பிடிச்சுக்கறேன்."

அவள் மேசைமேல் இருந்த வரைபடத்தைப் பார்த்தாள். பின்னால் ஒன்றும் இல்லை. பின்சுவருக்கு அப்பால் ஒரு ஆள் நடக்கும் சந்து, அதற்கப்பால் அடுத்த வீட்டுச் சுவர், அவளே ஒருக்களித்து நடந்து அளந்த இடம். அப்படி ஒரு அறை இல்லை சார் என்று சொல்லலாம், சொல்வதுதான் நியாயம், இருக்கிறதைத்தானே எழுத வேண்டும். போனில் அவர் மூச்சு கேட்டது, பின்னணியில் எதுவுமே கேட்கவில்லை, டிவிகூட ஓடாத வீடு.

"எந்தப் பக்கம் இருக்கு?" என்றாள்.

அவர் யோசித்து யோசித்து, "கிழக்குப் பக்கம்... ஜன்னல் ஒண்ணு இருக்கும்" என்றார். "பெரிய ஜன்னலா?" "பெருசுதான் மேடம். காலை வெயில் நேரா உள்ள வரும்." கதவு எங்கே இருக்கிறது, அலமாரி உண்டா, தரை என்ன தரை என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துச் சொன்னார், குரல் மெல்ல மெல்லத் தெளிந்துகொண்டே வந்தது. இதை யாருக்காகக் கேட்கிறோம்? கேட்க இன்னும் எத்தனை கேள்விகள் மிச்சமிருக்கின்றன என்று மனம் அவசர அவசரமாகத் தேடிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.