தூசிக்குத் தாலாட்டு

பார்வையாளர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'அரிவாள் அக்கா'. புதிதாக வரும் ஒவ்வொரு வேக்குவம் கிளீனரையும் வீட்டுக் கூடத்தில் ஓட்டிப் பார்த்து, வீடியோவில் நார்நாராகக் கிழிப்பாள். படம் பிடிப்பது கணவன். ஒரே ஒரு முறை ஒரு மெஷினைப் 'பரவாயில்லை' என்று சொல்லித் தொலைத்தாள். அந்த வாரமே கூட்டம் பாதியாகக் கரைந்தது. அன்றிலிருந்து நாக்கைத் தீட்டிக்கொண்டே இருந்தாள். தூக்கம் அவளை விட்டுப் போய் மாதக்கணக்காயிற்று.

அன்று மதியம் நாற்பத்தோராவது மெஷின். கம்பளத்தில் மாவைத் தூவிவிட்டு ஓட்டினாள். மாவு அசைந்துகூடக் கொடுக்கவில்லை. தூரத்து மழைபோல ஒரு சத்தம் மட்டும் கூடத்தை நிறைத்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவளுக்குக் கொட்டாவிதான் வந்தது. சோபாவில் சாய்ந்தாள். கண் சொக்கியது.

கனவில், வெள்ளை வெளேரென்ற மாவுவெளியில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. பதிந்த காலடிகள் தாமாகவே மெல்ல மூடிக்கொண்டன.

விழித்தபோது சன்னல் வெயில் மஞ்சளாகியிருந்தது. மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு மணி நேரம் தூங்கிட்ட. அணைக்க மனசு வரலை," என்றான் கணவன். "இதையே வீடியோவுல சொல்லிடேன்."

"அரிவாளுக்குத் தூக்கம் வந்துச்சுன்னா? போங்க நீங்க. திட்டினாத்தான் நம்மளத் திரும்பிப் பாப்பாங்க."

முகம் கழுவிக்கொண்டு வந்து கேமரா முன் உட்கார்ந்தாள். "இது தூசியை உறிஞ்சாது மக்களே, தூசிக்குத் தாலாட்டுப் பாடும்!"

மறுநாளைக்குள் நாலு லட்சம் பேர் பார்த்துச் சிரித்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் அந்த மெஷினை வடிவமைத்தவர் போனில் அழைத்தார். குரலில் கோபமே இல்லை.

"நீங்க சொன்னது நிஜந்தான் மேடம். இழுவை போதலை. தயாரிக்கிறதையே நிறுத்திட்டோம். அந்த மெஷினைத் திருப்பி அனுப்பிடுறீங்களா?"

"மாட்டேன்." பட்டென்று வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"ஏங்க?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"அது ஓடினா எனக்குத் தூக்கம் வருதுங்க."

"அந்தச் சத்தத்தை மெதுவாக்கத்தான் மூணு வருஷம் பாடுபட்டேன்," என்றார் அவர். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

"சரி, நீங்களே வச்சுக்கோங்க."

போனை வைத்துவிட்டு, மெஷினை ஓடவிட்டுப் படுத்தாள். மழைச்சத்தம் மெல்லக் கூடத்தில் இறங்கியது. அன்று தூக்கம் வர வெகு நேரமாயிற்று.