பஸ்ஸில் பாதிச் சீட்டு காலி

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு எதுவும் கைக்கு வருவதற்கு முன்னாலேயே கொண்டாடிவிட வேண்டும். பஸ் வரப்போகிறது என்று சொன்னதுதான் தாமதம், எங்கள் பாலைவன ஊர் கேஜ்டாசரில் வெல்லம் போட்டு லாப்ஸி கிண்டிவிட்டார்கள். வந்த பிறகு கிண்டினால் கோதுமை ரவை ஓடியா போகும்? தண்ணீர்க் குழாய்க்கும் இப்படித்தான் கிண்டினோம். குழாய் வந்தது. தண்ணீர் இன்றைக்கும் ஒட்டக வண்டியில்தான் வருகிறது.

எங்கள் ஊரில் ஆட்டை எண்ணினால் ஆயிரத்துக்கு மேல். ஆளை எண்ணினால் முந்நூறு தேறாது, அதிலும் இளவட்டமெல்லாம் சூரத்தில் கிடக்கிறது. புதுத் தார்ரோட்டில் ஆடுகள்தான் படுத்துக்கொண்டிருந்தன. இத்தனை சின்ன ஊருக்கு எதற்கு பஸ் என்று டெப்போவில் கேட்டார்களாம். கடைசியில், ஒருநாள் டிக்கெட் இல்லாமல் விட்டுப் பார்ப்போம், சீட்டு நிரம்பினால் தினமும் வரும், இல்லாவிட்டால் கிடையாது என்று முடித்தார்கள். என் மருமகள் சுக்னிக்கு டவுன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பஸ் இருந்தால்தான் போய்வர முடியும். அவள் ஒரு வாரமாகத் தூங்கவில்லை என்று என் வீட்டுக்காரி ஜம்னா சொன்னாள்.

பஸ் வந்தது. தூசியைக் கிளப்பிக்கொண்டு நிஜமாகவே வந்தது. பெண்கள் கல்யாண ஓட்னியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பாடினார்கள். ஒருவன் டயருக்குக் குங்குமம் வைத்தான். கிழவர்கள் நாங்கள் முதலில் ஏறினோம். சிவப்புத் தலைப்பாகை கட்டிக்கொண்டு டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஏதாவது ஏமாற்று வேலை நடந்தால் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமே. பின்னாலேயே ஊர் மொத்தமும் ஏறி அடைந்தது.

டெப்போ அதிகாரி கீழே நின்று ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"பாதி சீட்டு காலியா கெடக்கு. ஊரே ஏறியிருக்குன்னீங்க?"

என் சேக்காளி புர்காராம் தரையைக் காட்டினான். அதிகாரி ஏறி வந்து பார்த்தார். முக்காட்டை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டு மருமகள்கள் அத்தனை பேரும் கீழே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்கு எந்த வீட்டு மருமகள் உட்காருவாள்? வீட்டில் கட்டில் காலியாக இருந்தாலும் நான் இருந்தால் சுக்னிக்குத் தரைதான். அது பஸ்ஸிலும் அப்படித்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை. லாப்ஸி கிண்டத் தோன்றியது.

தரையில் இருப்பவர்கள் கணக்கில் வரமாட்டார்கள், எழுப்பி உட்கார வையுங்கள் என்றார் அதிகாரி. ஊர்த் தலைவர் சர்பஞ்ச் கெஞ்சினார், நாங்கள் உத்தரவு போட்டோம். அவர்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்தார்களே தவிர ஒருத்தியும் எழவில்லை. அதிகாரி பேனாவை எடுத்தார்.

என் காலடியிலிருந்து சுக்னியின் குரல் வந்தது. என்னோடு அவள் பேசக் கூடாது. பக்கத்திலிருந்த ஜம்னாவிடம் சொன்னாள், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி.

"அத்தே, மாமாகிட்ட சொல்லுங்க. அவுக இருக்கறவரைக்கும் நான் மேல உக்கார மாட்டேன். இந்த பஸ் போச்சுன்னா என் வேலையும் போச்சு. அவுகளுக்கு டவுன்ல இன்னிக்கி என்ன சோலின்னு கேளுங்க."

எனக்கு டவுனில் ஒரு சோலியும் இல்லை. எழுந்தேன். மற்ற கிழங்களையும் கையைப் பிடித்து இழுத்தேன்.

"மாப்ளை கணக்கா பாகை கட்டிட்டு வந்தியே கேவர்," என்றான் புர்காராம், "ஊர் எல்லை தாண்டறதுக்குள்ள எறக்கிவிட்டுட்டாளே உன் மருமக."

"உன் மருமக வாயத் தொறக்கல. அவளுக்கும் சேத்துத்தான் எறங்கறோம். நட."

நாங்கள் இறங்கியதுதான் தாமதம், உள்ளே ஒரே கூச்சல். வளையல் சத்தம், சீட்டுக்கு அடிபிடி. பஸ் நகர்ந்தபோது முக்காடுகள் ஒவ்வொன்றாக மேலேறின. டிரைவருக்குப் பின்னால் என் சீட்டு. அதில் சுக்னி. பார்க்கக் கூடாது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குள் பார்த்துவிட்டேன். காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு ஓசி, அதனால் நிரம்பியது. நாளைக்கு வரட்டும், பார்க்கலாம். தலைப்பாகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஆடுகளை விலக்கி நடந்தேன்.