முதல் நொடி மூச்சு

மாமனாரும் மருமகனும் ஒரே வீட்டில் இருந்தாலும், "சாப்பிட்டாச்சா?" என்பதைத் தாண்டி அவர்கள் பேச்சு போனதில்லை. மாமனார் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் ஸ்ப்ரே அடிப்பவர். மருமகன் பஸ் ஓட்டுகிறவன். சில மாதங்களாகப் பெரியவருக்குப் படியேறினால் மூச்சு இரைத்தது. மகளுக்கு லீவு கிடைக்காததால், நுரையீரல் பரிசோதனைக்கு மருமகன்தான் கூட்டிப்போனான்.

மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, "வேகமா ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று விரட்டினாள் டெக்னீஷியன். பெரியவர் ஊத ஊத, பக்கத்தில் நின்ற மருமகனும் தன்னை மறந்து கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தான்.

"சார், உங்களுக்கு டெஸ்ட் இல்ல" என்றாள் அவள்.

பெரியவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊதியதெல்லாம் வீண், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. பிறகு மருந்தை மூச்சோடு உள்ளிழுக்கவைத்து, சற்று நேரம் கழித்து மறுபடியும் ஊதச் சொன்னார்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்தது. கண்ணில் பட்ட முதல் எண் 58 சதவீதம். பெரியவர் அதற்குமேல் படிக்கவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"பாதி நுரையீரல் போயிடுச்சு மாப்ள. அவகிட்ட உடனே சொல்லிடாதீங்க. தாங்கமாட்டா."

மருமகன் அவரை அழைத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்ததும் உட்காரக்கூடச் செய்யாமல், மீதி நாற்பத்திரண்டு போயேவிட்டதா என்று கேட்டான்.

அப்படி இல்லை என்றார் டாக்டரம்மா. பெரியவரின் வயதும் உயரமும் உள்ள ஆண்கள் முதல் நொடியில் வெளியே தள்ளும் காற்றோடு ஒப்பிட்ட கணக்கு அது. இவர் நெஞ்சு கொள்ளும் காற்று ஏறக்குறையச் சரியாகவே இருந்தது. மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருந்ததால் காற்று மெதுவாக வெளியேறியது, அவ்வளவுதான்.

"மருந்துக்கு அப்புறம் ஊதினது இது, பாருங்க. எழுபத்துநாலு. குழாய் நல்லா விரியுது. இன்ஹேலர் தினமும் எடுக்கணும். மாஸ்க் இல்லாம ஸ்ப்ரேயைத் தொடவே கூடாது."

பெரியவர் அந்த இரண்டாவது எண்ணின்மேல் விரலை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தார்.

வெளியே வந்ததும் மருமகன் மனைவிக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழுததும் சிரித்ததும் பெரியவர் காதுக்கும் எட்டியது. ஆஸ்பத்திரி வாசல்வரை இருவரும் நடந்தார்கள். அங்கே பெரியவர் நின்றார்.

"எந்த மாஸ்க் நல்லதுன்னு எனக்குத் தெரியாது மாப்ள. கடைக்குக் கூட வர்றீங்களா?"

"இப்பவே போலாம் மாமா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான் மருமகன்.