வியாழக்கிழமை வகுப்பு

பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் காவல்காரி செலி, நோயாளி ஒனோரினுக்குத் தலை சீவிவிடும்போது சீப்பை வெடுக்வெடுக்கென்று இழுத்தாள். எல்லாம் ஆத்திரம்தான். மூன்று மாதமாகக் கத்தாமல், தட்டை வீசாமல், சலவைக்கூடத்தில் அடுத்தவள் பங்கையும் சேர்த்துத் துவைக்கிறவளை இன்றைக்கு மருத்துவ மாணவர்கள் முன்னால் காட்சிக்கு வைக்கப்போகிறார்கள். விடுதலைத் தாள் டாக்டர் போவலோனின் மேசையில் தயாராகக் கிடக்கிறது. கையெழுத்து மட்டும் வகுப்பு முடிந்த பிறகுதானாம்.

"என்ன கேட்டாலும் கோபப்படாதடி. நாக்கைக் கடிச்சுக்கோ."

"சரிக்கா. ஞாயித்துக்கிழமை எம் பொண்ணைப் பாத்துருவேன்ல?"

செலி பின்னலை இறுக்கி முடிந்தாள். எட்டு வருடத்துக்கு முன் இதே கட்டிடத்தில் சுவரோடு சங்கிலியில் கிடந்தவள் அவள். குணமானவர்களையே காவலுக்கு வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். சங்கிலியைக் கழற்றிய புண்ணியவான் என்று பாரிஸ் முழுக்க டாக்டருக்குப் பெயர். இப்போது சங்கிலி எதற்கு? கோபப்பட்டால் போதும், நோய் என்று எழுதிவிடுவார்.

கூடத்தில் நாற்பது மாணவர்கள் இருந்தார்கள். டாக்டர் தேனாகத்தான் ஆரம்பித்தார்.

"உம் பையன் கிணத்துல விழுந்தப்போ நீ எங்கம்மா இருந்தே?"

ஒனோரின் வாயைத் திறக்கவில்லை.

"தூங்கிட்டிருந்தியா?"

அப்போதும் திறக்கவில்லை.

"குடிச்சுட்டா தூங்கினே?"

ஒனோரின் எழுந்து அலறினாள். நாற்காலி கவிழ்ந்தது. இரண்டு பேர் அவளைப் பிடித்து நோயாளிகளின் பெஞ்சில் அமுக்கினார்கள்.

"பாத்தீங்களா? மேலே அடங்கின மாதிரி தெரியும். அடியிலே நோய் அப்படியேதான் இருக்கும்," என்றார் டாக்டர். மாணவர்கள் கைதட்டினார்கள். அவர் விடுதலைத் தாளை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"பெத்தவளை இப்படிக் கேட்டா யாருக்குய்யா கோபம் வராது?" சுவரோரம் நின்றிருந்த செலி கத்தியது கூடத்தின் கடைசி வரிசை வரை கேட்டது.

டாக்டர் கனிவாகத் திரும்பினார். "என்ன செலி, உனக்கும் மறுபடி ஆரம்பிச்சிருச்சா?"

கூடம் சிரித்தது. தலையைக் குனிந்துகொண்டால் போதும், படுக்கையும் இரண்டு வேளை சூப்பும் பத்திரம். எட்டு வருடமாகக் குனிந்த தலைதான். செலி இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து, அவருடைய குறிப்பேட்டின் மேல் வைத்தாள்.

"ஆமாய்யா. எம் பேரையும் எழுதிக்கோங்க."

போய் ஒனோரின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒனோரினின் வாயோரம் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பாவி, சொன்னபடியே நாக்கைக் கடித்திருக்கிறாள். செலி தன் ஏப்ரன் நுனியால் அதைத் துடைத்தாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. டாக்டரின் பேனா குறிப்பேட்டுக்கு மேலே நின்றது. அதிலிருந்து ஒரு சொட்டு மை சாவிக்கொத்தின் மேல் விழுந்தது.