விருந்தாளி, ஆண், எழுபத்தெட்டு

கண்ணாடிக்காரர் வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருந்தது. பார்வைக்குச் சோப்புப் பெட்டி மாதிரிதான் இருக்கும். ஆனால் யார் எந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கம்பெனிக்கு அதுதான் கண். ஒன்றாம் பொத்தான் கண்ணாடிக்காரருக்கு, இரண்டு மனைவிக்கு, மூன்று மாமியாருக்கு. உட்கார்ந்தால் அமுக்க வேண்டும், எழுந்து போனால் மறுபடி அமுக்க வேண்டும். விருந்தாளிகளுக்குத் தனிப் பொத்தான். ஆணா பெண்ணா, என்ன வயது என்பதையும் அதற்குச் சொல்லியாக வேண்டும். ஊரில் ஏதோ சில வீடுகளில்தான் இந்தப் பெட்டி உண்டு. ஆகவே இந்த மூன்று பேர் கொட்டாவி விட்டால் ஒரு பேட்டையே கொட்டாவி விட்டதாகக் கணக்கு.

தம் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவர் எடுத்துக் காட்டும் பிரேமை யாரும் வாங்கியதில்லை. வீட்டில் அவர் சொல்லி ஜன்னல்கூடத் திறந்ததில்லை. அப்படிப்பட்ட மனிதருக்கு ஆயிரக்கணக்கான பேர் சார்பில் கொட்டாவி விடும் அதிகாரம் கிடைத்தால் தலை கொஞ்சம் கனக்காமல் இருக்குமா?

பெட்டியோடு இரண்டு நிபந்தனைகளும் வந்தன. பெட்டி இருப்பதை வெளியே சொல்லக் கூடாது. நெருங்கிய சொந்தத்தில் யாரும் தொலைக்காட்சியில் வேலை பார்க்கக் கூடாது. பெட்டி வந்த நாளில் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் இருந்தான். அப்புறம் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தான். அப்புறம் அந்தக் குழுவின் பாட்டு நாடகத்தை ஒரு சேனல் சனிக்கிழமை சாயங்காலங்களில், வாரம் ஒரு பாகமாக, அரங்கத்திலிருந்து நேரடியாக ஒளிபரப்ப ஆரம்பித்தது.

"கம்பெனிக்குச் சொல்லிடலாமா?" என்று கண்ணாடிக்காரர் அப்போதே இழுத்தார்.

"என்னன்னு சொல்றது? அவன் நாடகத்துல வேலை பாக்கறான். டி.வி.காரன் கேமராவத் தூக்கிட்டு அவன் பின்னாடி வந்தா, அதுக்கு அவன் என்னங்க பண்ணுவான்?" என்றாள் மனைவி. கேஸ் முடிந்தது. அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

நாடகம் ஒரு ஹோட்டலில் லிஃப்ட் ஓட்டுகிறவனின் காதல் கதை. அரங்கத்தில் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. டிக்கெட் எடுத்தவன் தட்டித்தானே தீர்த்துக்கொள்வான். வீட்டில் இருப்பவன் கையில் ரிமோட் அல்லவா இருக்கிறது? பெட்டிக் கணக்கில் நாடகத்தின் புள்ளி வாராவாரம் இறங்கியது. இந்தச் சனிக்கிழமையும் ஏறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். மச்சானுக்குப் பழைய வேலையில் ஏற்கெனவே வேறு ஆள் வந்தாயிற்று.

அந்தச் சனிக்கிழமை மூன்று பேரும் நேரத்துக்கு முன்பே உட்கார்ந்துவிட்டார்கள். பெட்டியின் பொத்தான்கள் உள்ள ரிமோட் மாமியார் மடியில் இருந்தது. முதல் பாதி, உண்மையைச் சொன்னால், இழுவை. கதாநாயகி ஜன்னலைப் பார்த்து ஒரு பாட்டு, ஜன்னல் மூடியபின் இன்னொரு பாட்டு. கண்ணாடிக்காரருக்குக் கண் சொருகியது. தூங்கினால் நியாயப்படி தன் பொத்தானை அணைக்க வேண்டும் என்ற பயத்திலேயே தொடையைக் கிள்ளிக்கொண்டு விழித்திருந்தார்.

விளம்பர இடைவேளையில் கதவு தட்டப்பட்டது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு பெண். கழுத்தில் கணக்குக் கம்பெனியின் அட்டை தொங்கியது.

"செக்கிங் சார். நிகழ்ச்சி ஓடும்போதே வந்து பாக்கறது வழக்கம். உள்ள வரலாமா?"

"தாராளமா வாங்க" என்று கண்ணாடிக்காரரின் வாய் மட்டும் சொன்னது.

அவள் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். தலைகளை எண்ணினாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள்.

"மூணு பேர் இருக்கீங்க. பெட்டி நாலுன்னு சொல்லுது. விருந்தாளி, ஆண், எழுபத்தெட்டு. எங்க அவர்?"

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு இருவரும் சேர்ந்து மாமியாரைப் பார்த்தார்கள். மாமியார் விளம்பரத்தை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா..." என்றாள் மனைவி மெதுவாக.

"இருக்கார்" என்றார் மாமியார், திரும்பாமலே. ஜன்னலோரம் காலியாக இருந்த நாற்காலியைத் தாடையால் காட்டினார். "அது அவர் இடம்."

"அப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சும்மா!"

"எனக்குத் தெரியாதா? இருந்திருந்தா இன்னிக்கு எழுபத்தெட்டு. இந்த நாடகத்த அசையாம பாத்திருப்பார். பாக்கற மனுஷன் கணக்குல வரக் கூடாதா?"

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கினார். சாலை விதியைத் தவிர வேறெதையும் மீறாத மாமனாரை, செத்தபிறகு இப்படி ஒரு மோசடியில் கூட்டுச் சேர்த்துவிட்டார்களே!

செக்கிங் பெண் சிரிக்கவில்லை. "இந்த விருந்தாளி சனிக்கிழமை மட்டும் வர்றார். இந்த நிகழ்ச்சிக்கு மட்டும் வர்றார். அதனாலதான் ஆபீஸ்ல சந்தேகம் வந்து என்னை அனுப்பினாங்க. நேராவே கேக்கறேன். இந்த நிகழ்ச்சியில வேலை செய்யறவங்க யாராச்சும் உங்களுக்குச் சொந்தமா?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"இப்பவே சொல்லிட்டா பெட்டிய எடுத்துட்டுப் போயிடுவேன். இன்னிக்கு உங்க வீட்டுக் கணக்கு செல்லாது. அவ்வளவுதான். நாளைக்கு நாங்களா கண்டுபிடிச்சோம்னா சேனலுக்குப் புகார் போகும். முதல்ல அந்தச் சொந்தக்காரரத்தான் வெளிய அனுப்புவாங்க."

மனைவியின் கண் கண்ணாடிக்காரரின் மேல் ஆணி அடித்தது. சொன்னால், மச்சானுக்குப் புள்ளி தேவைப்படும் இந்த ஒரே சாயங்காலத்தில் வீட்டுக் கணக்கு காலி. சொல்லாமல் பிறகு மாட்டினால் மச்சானே காலி. கண்ணாடிக்காரர் தம் வாழ்நாளில் எந்த முடிவையும் அரை மணிக்குக் குறைந்து எடுத்ததில்லை.

"சொந்தம்னா... எந்த வகைச் சொந்தம் மேடம்?" என்று கேட்டுவைத்தார்.

"மாப்பிள்ளை, ஆரம்பிச்சாச்சு. பேசாம இருங்க" என்றார் மாமியார்.

திரையில் மச்சான். சிவப்புச் சீருடை, தொப்பி. அவனுடைய பெரிய பாட்டு இதுதான். லிஃப்ட் மேலே ஏற வேண்டும், கதவு திறக்க வேண்டும், அவன் வெளியே வந்து அவளிடம் மனசைச் சொல்ல வேண்டும். லிஃப்ட் ஏறியது. வாத்தியங்கள் எழுந்தன. கதவு திறக்கவில்லை.

முதலில் யாருக்கும் புரியவில்லை. கதவு ஒரு விரற்கடை விலகி மறுபடி மூடிக்கொண்டது. உள்ளே யாரோ குத்தும் சத்தம் கேட்டது. கதாநாயகி நீட்டிய கையோடு நின்றாள். வாத்தியக்காரர்கள் அதே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். அரங்கத்தில் ஒருவன் சிரித்தான். பிறகு ஒரு வரிசை, பிறகு மொத்த அரங்கமும். யாரோ விசில் அடித்தார்கள்.

"கீழ் தளத்துக்கு வாடா!" என்று ஒருவன் கத்தியது நேரடி ஒளிபரப்பில் தெளிவாகக் கேட்டது.

மனைவி தலையணையைக் கடித்துக்கொண்டாள். மாமியார் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். பெற்ற பிள்ளையை யாரோ மாதிரிப் பார்ப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று அவருடைய கழுத்து நரம்பு காட்டியது. அந்த நேரம் பார்த்துச் செக்கிங் பெண்ணுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஹெல்மெட்டால் வாயை மூடிக்கொண்டாள். மூடியும் கேட்டது.

கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார். எழுந்தது அவர்தானா என்று அவருக்கே சந்தேகம்.

"சிரிக்காதீங்க மேடம்! அவன் என் மச்சான்!"

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர் காதில் விழுந்தது. மனைவி தலையணையிலிருந்து வாயை எடுத்தாள். செக்கிங் பெண்ணின் சிரிப்பு நின்றுபோனது. அவள் மாமியாரைப் பார்த்தாள்.

"உங்க பையனா?"

மாமியார் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போது மூடிய லிஃப்டுக்குள்ளிருந்து பாட்டு வந்தது. முகம் இல்லை, கை அசைவு இல்லை. இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் நடுங்கிய ஒரு குரல் மட்டும். கதவு திறக்காது என்று அவன் முடிவுக்கு வந்துவிட்டான் போலிருக்கிறது. இரண்டாம் அடியில் நடுக்கம் போய்விட்டது. கதாநாயகி மெல்ல நடந்து வந்து கதவில் காதை வைத்தாள். யாரும் சொல்லிக்கொடுத்து வைத்தது இல்லை. அரங்கத்தின் சிரிப்பு ஓரமாக ஒதுங்கி, தேய்ந்து, இல்லாமல் போனது. பாட்டு முடிந்ததும் தட்டிய தட்டலில் தொலைக்காட்சியின் ஸ்பீக்கர் கரகரத்தது.

செக்கிங் பெண் அதுவரை பெட்டியைத் தொடவில்லை. தட்டல் அடங்கியதும் குனிந்து வயரைக் கழற்றினாள். "இன்னிக்குக் கணக்கு சேராது சார். என்னால அத மாத்த முடியாது."

"தெரியும் மேடம்."

"நல்லாப் பாடினார்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனாள்.

மாமியார் மூன்று நாள் மருமகனிடம் பேசவில்லை. மனைவி பேசினாள், பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றும்படி பேசினாள்.

வியாழக்கிழமை மச்சான் போன் பண்ணினான். "போச்சு மாமா. நிறுத்திட்டாங்க. பாட்டு நேரத்துல புள்ளி ஏறியிருக்கு. ஆனா மொத்தத்துல மயிரிழைல போச்சு. இன்னும் ஒரு வீடு பாத்திருந்தாப் போதும்னு தயாரிப்பாளர் தலையில அடிச்சுக்கறார்."

கண்ணாடிக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். மழுப்புவதற்கு நாலைந்து வழிகள் நாக்கு நுனியில் வந்து வரிசையில் நின்றன. அத்தனையையும் திருப்பி அனுப்பினார்.

"அந்த ஒரு வீடு இதுதான்டா" என்றார். பெட்டி, விருந்தாளி, ஹெல்மெட் பெண் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்பாவையா போட்டாங்க?" என்று மச்சான் கடைசியில் கேட்டான்.

"ஆமாம். வாராவாரம்."

திட்டப் போகிறான் என்று கண்ணாடிக்காரர் காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

"சரி மாமா, இப்பத்தான் பொத்தானும் இல்ல, புள்ளியும் இல்லல்ல? பயப்படாம சொல்லுங்க. நாடகம் எப்படி இருந்துச்சு?"

"முதல் பாதி இழுவை மச்சான்."

"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. பாட்டு?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் மாமியார் வந்து போனை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"அவர எதுக்குடா கேக்கற? அவரு நடுவுல எழுந்து நின்னுட்டு எனக்கு மறைச்சுட்டாரு. என்னைக் கேளு."