பாட்டிலில் பால் நிறம்

எங்கள் மருந்துக் கம்பெனி மெஷினில் இரண்டு பம்புகள். ஒன்று கொழுப்புக் கரைசலைத் தள்ளும், இன்னொன்று மருந்தை. மயிரிழை வாய்க்காலில் இரண்டும் மோதும்போது, கண்ணுக்கே தெரியாத கொழுப்புத் துளிகளுக்குள் மருந்து போய் உட்கார்ந்துகொள்ளும். ஓட்டம் சீராகும்வரை வருவதைக் கழிவில் விட்டுவிட வேண்டும். அதில் துளிகள் பெரிசு, ரத்தத்தில் போனால் அடைத்துக்கொள்ளும்.

லீவு முடிந்து வந்த என்னிடம், நாங்கள் 'ராக்கெட்' என்று கூப்பிடும் ஆபரேட்டர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கக்கா, பால் மாதிரி வந்திருக்கு!"

நல்ல மருந்து லேசாக நீலம் பாய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கும்; பால் நிறம் என்றால் துளிகள் பெரிசு.

"முதல்ல வந்ததை வெளியே விட்டீங்களா?"

"எதுக்குக்கா வீணாக்கணும்?"

"அறிவிருக்கா உங்களுக்கு? கீழ வைங்க! நல்லவேளை, இன்னும் யாருக்கும் போகல."

அவர் நகரவில்லை. "நேத்தும் இப்படித்தான்கா எடுத்தேன். அவசரக் கேஸுன்னு சோதனைக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்காரங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நர்ஸ் எடுத்தாள்.

"அந்த மருந்தா? இப்பதான் ஏத்திட்டிருக்கோம். ஒரு நிமிஷம் இருங்க, மூச்சு வாங்குதுன்னு பேஷன்ட் கூப்பிடுறாரு."

போனை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. நான் கத்திக்கொண்டே இருந்தேன்.