மூன்றாவது ஈயம்

கேஸ் அடுப்பில் இரும்புக் கரண்டி கறுத்துக் கிடந்தது. அதில் காரீயம் இளகிக்கொண்டிருந்தது. இரும்பைப் போல அடம் பிடிக்கிற சாதி இல்லை இது. நகத்தால் கீறினால் கோடு விழும், பல்லால் கடித்தால் பல் பதியும், சமையலடுப்புத் தீயிலேயே தண்ணீராகிவிடும். கையில் வாங்கிப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும். கொண்டைக்கடலை அளவுத் துண்டுகூட அப்படிக் கனக்கும்.

என் பெயர் சாதியே. இருபத்தாறு வருடமாக அதானா நகரில் எங்கள் தெருவுக்கு ஈயம் ஊற்றுகிறவள் நான்தான். கண்ணேறு பட்டவர்களும் பயந்துபோன பிள்ளைகளும் என்னிடம்தான் வருவார்கள். தலைக்கு மேலே துணி பிடித்து, துணிக்கு மேலே தண்ணீர்ச் சட்டி பிடித்து, உருகிய ஈயத்தை அதில் ஊற்றுவேன். சீறிக்கொண்டு உறையும். ஓட்டை ஓட்டையாக உறைந்தால் கண்ணேறு, முள் முள்ளாக உறைந்தால் பயம். ஊற்றும்போது சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "என் கை இல்ல, ஃபாத்திமா தாயோட கை." மாமியார் சாகும்போது, இனி நீ ஊற்று என்று எனக்குக் கொடுத்துவிட்டுப் போன கை அது. பிள்ளைதான் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. நான்கு தடவை தரித்தது, நான்கும் தங்கவில்லை. "பிள்ளை பெறாத கைக்குத்தான் வீரியம் ஜாஸ்தி" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், பாவிகள்.

அன்று எங்கள் தெருப் பிள்ளை மெலிகேவுக்கு, அவள் வீட்டில் வைத்து, மூன்றாவது ஊற்று. நான்கு வயசு. மூன்று வாரத்துக்கு முன்னால் தெருநாய் ஒன்று பாய்ந்ததில் பயந்துபோய், தூக்கத்தில் அலற ஆரம்பித்தாள். முதல் ஊற்று முடிந்ததும், உறைந்த துண்டுகளில் மூன்றை நீலத் துணியில் தைத்துக் கழுத்தில் கட்டிவிட்டேன். எல்லாப் பிள்ளைக்கும் செய்கிறதுதான். அலறல் நின்றது. ஆனால் வயிற்றுவலி வந்தது, வெளிக்குப் போகவில்லை, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். சுகாதார நிலையத்தில் பூச்சி என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். நான் இரண்டாவது ஊற்றினேன். துண்டு முழுக்க ஓட்டை. "மூணாவது ஊத்துற வரைக்கும் பிள்ளை வாசப்படி தாண்டக் கூடாது, தாண்டினா உயிருக்கே ஆபத்து" என்று சொல்லிவிட்டு வந்தேன். மாமியார் சொன்னதை நானும் சொன்னேன், அவ்வளவுதான்.

இப்போது பிள்ளை கட்டிலில் துவண்டு கிடந்தாள். கண் பாதி மூடியிருந்தது. "மெலிகே, கண்ணு, அத்தையைப் பாரு" என்றேன். பார்த்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"சீக்கிரம் ஊத்துங்க அக்கா" என்று அழுதாள் தாய் நூர்ஹான். "காலைல இருந்து நாலு வாட்டி வாந்தி."

"இவ ஊத்துறதுக்குள்ள பொழுது சாஞ்சுரும்" என்றாள் சபிஹா. பிள்ளையின் அப்பா இத்ரிசுக்கு அக்கா அவள். வாய் மட்டும் தனியாக ஒரு வண்டியில் வரும். இத்ரிஸ் கதவோரமாக, கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

துணியை விரிப்பதற்காகப் பிள்ளையின் கழுத்தில் கிடந்த பொட்டலத்தை நகர்த்தினேன். லேசாக இருந்தது. ஈயம் எங்கேயாவது லேசாக இருக்குமா? கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தக் கனம் என் விரலுக்குத் தெரியும். திருப்பிப் பார்த்தேன். தையல் நைந்து பிரிந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு துண்டு. அதில் சின்னச் சின்னதாகப் பல் பதிந்திருந்தது.

"நூர்ஹான், இதுல மூணு தச்சேன். ரெண்டு எங்கடி?"

"எப்பப் பாத்தாலும் வாயில வச்சுச் சப்பிக்கிட்டே இருப்பா அக்கா. நல்லதுதானேன்னு மதினி சொன்னாங்க, விட்டுட்டேன். ஈயம் ஊத்துன சட்டித் தண்ணியையும் தினம் ரெண்டு மடக்கு குடுத்தேன். நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். இல்லை என்று சொல்ல முடியுமா?

இத்ரிசுக்கு டயர் கடையில் வேலை. சக்கரம் ஆடாமல் ஓட அதன் விளிம்பில் அடிக்கிற ஈயக்கட்டிகளில் கழித்துப் போட்டதை எனக்குக் கொண்டுவந்து கொடுப்பவனும் அவன்தான். போன குளிர்காலத்தில் கடைக்கு யாரோ அதிகாரி வந்து, ஈயம் வயிற்றுக்குள் போனால் விஷம், கை கழுவாமல் ரொட்டியைத் தொடாதே என்று சொன்னதாகச் சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சேர்ந்து சிரித்தேன். "அப்ப நான் செத்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டேன். இப்போது பல் பதிந்த துண்டைக் கையில் பிடித்தபடி அவன் பக்கம் திரும்பினேன்.

"இத்ரிஸ், வண்டிய எடு. பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். துண்டு வயித்துக்குள்ள இருக்கு."

சபிஹா கதவை மறித்து நின்றாள். "என்னது? மூணாவது ஊத்தாம வாசப்படி தாண்டினா உயிருக்கு ஆபத்துன்னு யாரு சொன்னா? நீதானே சொன்ன?"

"சொன்னேன். பொய்."

"ஃபாத்திமா தாய் பேரச் சொல்லி ஊத்திட்டு, இப்பப் பொய்யா?"

"அந்தத் தாய் மேல பழியப் போடாத. அவங்க கை இல்ல அது. என் கை. இந்தப் பிள்ளைக்கு வெஷம் வச்சது இந்தக் கைதான்."

"மலடி! அடுத்தவ பிள்ளையப் பாத்து வயிறு எரிஞ்சுதான் இப்படிப் பண்ற!"

இத்தனை வருடம் முதுகுக்குப் பின்னால் கேட்ட வார்த்தை. சுருக்கென்றுதான் இருந்தது. அழுவதற்கு நேரம் இல்லை. நூர்ஹான் பிள்ளையைக் கட்டிக்கொண்டு என்னையும் மதினியையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா மறித்த கதவைத் திறக்க இத்ரிசுக்குத் துணிச்சல் வரவில்லை. பிள்ளையின் கால் ஒரு தடவை வெட்டி இழுத்தது.

கரண்டியை எடுத்தேன். வாசலுக்கு நேராக, காய்ந்த கல்தரையில் அப்படியே கவிழ்த்தேன். ஈயம் பளபளவென்று ஓடிப் பரவியது. சபிஹா அலறிக்கொண்டு காலைத் தூக்கி ஒதுங்கினாள்.

"இந்தா, மூணாவதும் ஊத்தியாச்சு" என்றேன். "தூக்குடா பிள்ளைய!"

உறைந்தும் உறையாமலும் கிடந்த அதைத் தாண்டிக்கொண்டு இத்ரிஸ் ஓடினான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மெலிகேயின் வயிற்றில் இரண்டு பொட்டு, எலும்பைவிட வெள்ளையாக. தொண்டை வழியாகக் குழாய் விட்டு இரண்டையும் எடுத்தார்கள். ரத்தத்தில் கலந்ததை வெளியேற்ற மருந்து ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். மூன்று நாளும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். நூர்ஹான் என் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம், மெலிகே கண் விழித்துத் தயிர் கேட்டாளாம். இத்ரிஸ் வந்து சொன்னான். முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அப்புறம் டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டாள். சின்னப் பெண். காகிதத்தில் எழுதிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை வருஷமா உருக்குறீங்க?"

"இருபத்தாறு."

"எந்த இடத்துல?"

"வீட்டுல. சமையக்கட்டுல."

"ஜன்னல் தொறந்திருக்குமா?"

"எடுத்த கண்ணேறு திரும்பி உள்ள வந்துரும்னு மூடிருவோம்."

"பிள்ளைங்க எத்தனை?"

"நாலு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. "நாலும் தங்கல."

பேனா நின்றது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "ஈயப்புகை கருவைக் கலைக்கும், அம்மா. உங்களுக்கும் அதனாலதான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ரத்தம் பாத்துருவோம்."

நான்கு தடவையும் வயிற்றில் பிள்ளையோடுதான் ஊற்றினேன். பிள்ளை தங்க வேண்டும் என்று எனக்கு நானே ஊற்றிக்கொண்டதும் உண்டு.

நர்ஸ் ஊசியோடு வந்தாள். "கையக் குடுங்க" என்றாள்.

என் கை இல்ல என்று பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை வரை அவள் முன்னால் நீட்டினேன்.